ட்ரில் சக்கும் என் நாத்தனாரின் கண்ணும்

பாளையம்பட்டியில் ஒரு இரும்புப் பட்டறையில் ட்ரில்லிங் மிஷின் ஓட்டுகிறேன். விசைத்தறிக்குப் போகும் இரும்புப் பட்டைகளில் ஓட்டை போடுவது என் வேலை. சேர்ந்த நாளிலிருந்தே எனக்கு அந்த மிஷின் என்றால் பயம். அதிலும் குறிப்பாக அதன் சக்.

சக் என்பது மிஷினின் வாய் மாதிரி. ஓட்டை போடும் பிட்டைக் கவ்விப் பிடிப்பது அதுதான். உருண்டையான இரும்புக் கூட்டுக்குள் சாய்வாக இறங்கும் மூன்று குழிகள் இருக்கும். குழிக்கு ஒன்றாக மூன்று தாடைகள். பக்கவாட்டில் உள்ள மூன்று ஓட்டைகளில் ஒன்றில் பல் வைத்த சாவியைச் செருகித் திருகினால் வெளிவளையம் திரும்பும். அதோடு சேர்ந்து உள்ளே ஒரு மரை திரும்பும். அந்த மரை மூன்று தாடைகளையும் ஒரே நேரத்தில் ஒரே அளவு கீழே இறக்கும். சாய்வில் இறங்குவதால் மூன்றும் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே வரும். அவை வந்து சேரும் இடம் சரியாக நடுவாக இருக்கும். ஒல்லிப் பிட்டோ தடிப் பிட்டோ, கண்ணால் அளந்து நடுவில் நிறுத்தும் வேலை நமக்கு இல்லை. சக்கே அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும்.

நம் கை படாத இடத்தில், நம் கண்ணுக்குத் தெரியாமல் அது நடக்கிறது என்பதுதான் எனக்குப் பயம். பிட்டை மாட்டி, மூன்று ஓட்டையிலும் சாவியைப் போட்டு முடுக்குவேன். சாவியை எடுத்துவிட்டோமா என்று பார்ப்பேன். கையிலேயே சாவி இருந்தாலும் இன்னொரு தடவை சக்கைப் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் சுவிட்சில் விரல் போகும். சாவியைச் செருகியபடி விட்டு மோட்டாரைப் போட்டால் அது எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பட்டறை முதலாளி அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சிரிப்பார். பயந்தவள் கையில் மிஷின் பத்திரமாக இருக்கும் என்பார்.

என் கணவரின் தங்கையை அந்தப் பட்டறைக்கு அழைத்துப் போனது நான்தான். டிகிரி முடித்துவிட்டு போலீஸ் வேலைக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். அடுத்தது ஓட்டமும் உடல் தகுதியும். விடியக்காலையில் எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் இறங்கி ஓடுவாள். தண்ணீர் இல்லாத கண்மாய், வெடித்துக் கிடக்கும் கரம்பை மண், சுற்றிலும் கருவேல முள். கால் பிசகிவிடக் கூடாதே என்று நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு இரண்டு பேரும் திருச்சுழி பஸ்ஸைப் பிடித்துப் பட்டறைக்கு வருவோம். நான் ஓட்டை போட்டுத் தள்ளும் பட்டைகளை எடுத்துப் போய் அரத்தால் பிசிறு தட்டுவது அவள் வேலை.

ஒரு கோடையில் அந்தச் சக் இறுகிப்போனது. உள்ளே இரும்புத் தூள் அடைத்து, சாவியைத் திருகினால் கரகரவென்று நின்றது. அண்ணாச்சி அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கழுவி, அவரே திரும்ப மாட்டினார். சாவி வெண்ணெய் மாதிரித் திரும்பியது. ஆனால் மோட்டாரைப் போட்டதும் பிட்டின் நுனி ஒரு புள்ளியாக நிற்காமல் மெல்லிய வட்டமாகத் தெரிந்தது. ஓட்டையும் அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக விழுந்தது.

பிட் தலையாட்டுகிறது என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் வந்து பார்த்தார். பிட் வளைந்திருக்கும் என்று புதுசு கொடுத்தார். அதுவும் ஆடியது. மிஷின் பழசு, பேரிங்கு தேய்ந்திருக்கும், இந்த லோடு போகட்டும், ஆளை வரவழைத்துப் பார்ப்போம் என்றார். அதற்குமேல் நான் என்ன சொல்ல? அன்றிலிருந்து கைப்பிடியை இறக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். பிட் இரும்பைத் தொடும்போது வரும் சத்தம் மாறியிருந்தது. முன்பு சீராக இரையும். இப்போது திக்கித் திக்கி முனகியது.

அது நடந்தது ஒரு மத்தியான நேரம். கரண்டு போய் வந்திருந்தது, பட்டறைக்குள் புழுக்கம். தூள் தெறிக்காமல் கண்ணுக்குப் போட எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி உண்டு. வேர்வையில் கண்ணாடி மங்கிப் போனதால் அவள் அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, முடிந்த பட்டைகளை எடுப்பதற்காக என் பக்கம் குனிந்தாள். நான் கைப்பிடியை இறக்கினேன். பட்டென்று ஒரு சத்தம். பிட்டின் நுனி இரும்பிலேயே நின்றது. அடிப்பாகம் சக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. இடையில் இருந்த துண்டைக் காணோம்.

சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பினேன். அவள் நிமிர்ந்து நின்று கையை முகத்துக்கு நேராகத் தூக்கி வைத்திருந்தாள். தொடவில்லை.

"மதினி, கண்ணுல என்னமோ விழுந்துருச்சு" என்றாள். வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. "தேய்க்கலாமா?"

"தேய்க்காத தாயி. கைய எடு, தேய்க்காத."

இடது கண் மூடியிருந்தது. அதிலிருந்து தண்ணீராக வழிந்துகொண்டிருந்தது. தண்ணீரோடு ஒரு சிவப்புக் கோடும் இறங்கியது. ரத்தம் வருவது அவளுக்குத் தெரியக் கூடாது என்று அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணாச்சி தன் வண்டியில் எங்களை ஏற்றினார். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிக் கட்டுப் போட்டு, உடனே மதுரைக்குப் போங்கள் என்றார்கள். காரியாபட்டி வழியாக அதே வண்டியில் மதுரைக்குப் போனோம். ஒவ்வொரு குழியிலும் வண்டி விழுந்து எழும்போது, அந்தத் துண்டு கண்ணுக்குள் இன்னும் ஆழமாகப் போகிறதோ என்று எனக்கு உடம்பு கூசியது. அவள் என் தோளில் சாய்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஒரு கண்ணு கம்மியா இருந்தா போலீஸ்ல எடுக்க மாட்டாக, இல்ல மதினி?"

அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

மதுரையில் அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். ஊசிமுனை அளவு இரும்பு கருவிழியின் ஓரத்தில் குத்தி நின்றதாம். எடுத்துவிட்டோம், பார்வை எவ்வளவு திரும்பும் என்பதைக் கட்டு அவிழ்த்த பிறகுதான் சொல்ல முடியும், சீழ் பிடிக்காமல் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். அந்தக் கடைசி வார்த்தை என்னை விடவே இல்லை. ஒவ்வொரு முறை நர்ஸ் வேகமாக நடந்து வந்தாலும் சீழ் பிடித்துவிட்டது என்று சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

லோடு வண்டி ஓட்டும் என் கணவர் வண்டியை வழியில் விட்டுவிட்டு சாயங்காலம் வந்து சேர்ந்தார். தங்கையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"நீ ஒழுங்கா முடுக்குனியா?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவர் மெதுவாகக் கேட்டதால் அந்தக் கேள்வி எனக்குள் இறங்கிவிட்டது. முடுக்கினேன் என்றுதான் சொன்னேன். மூன்று ஓட்டையிலும் முடுக்கினேன். ஆனால் சொல்லி முடித்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கரண்டு போய் வந்த பிறகு பிட்டை மாற்றினேனா, பழைய பிட்தானா? மாற்றியிருந்தால் மூன்றாவது ஓட்டையில் முடுக்கினேனா? தினமும் செய்கிற காரியத்தில் அன்றைக்குச் செய்தது எது, முந்தின நாள் செய்தது எது என்று பிரித்தெடுக்க முடியவில்லை. என் கையை நானே நம்பாமல் போனேன்.

கட்டோடு அவளை ஊருக்கு அழைத்துவந்தோம். வீட்டில் யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. மாமியார் எனக்கும் சேர்த்துத்தான் கஞ்சி ஊற்றிவைத்தார். ஆனாலும் யாராவது தாழ்ந்த குரலில் பேசினால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். கட்டு அவிழ்க்கும் நாள் நெருங்க நெருங்க ஒரு விஷயம் புரிந்தது. பார்வை திரும்பினாலும் திரும்பாவிட்டாலும், அந்தச் சக்குக்குள் என்ன நடந்தது என்று தெரியாமல் என்னால் இருக்க முடியாது. தெரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது. தப்பு என் மேல்தான் என்று தெரிந்துவிட்டால்?

இருந்தும் போனேன். அண்ணாச்சி பட்டறையில் தனியாக இருந்தார். அந்த மிஷினைச் சாக்கு போட்டு மூடியிருந்தார். சம்பவம் நடந்ததிலிருந்து அதை யாரும் தொடவில்லை என்றார். பிறகு, தனக்கும் அதன் பக்கத்தில் போகத் தைரியம் வரவில்லை என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"பிரிச்சுப் பாத்துருவோம் அண்ணாச்சி" என்றேன்.

சக்கை இறக்கி, இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் வைத்து, வெளிவளையத்தைக் குழாய் வைத்துத் தட்டித் தட்டிக் கழற்றினார். உள்ளே இருந்த மரை இரண்டு பாதியாகக் கையில் வந்தது. தாடைகள் மூன்றும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன. வந்த வரிசை மாறாமல் அவற்றைப் பழைய செய்தித்தாள் மேல் நிறுத்தினேன். மூன்றும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. முதுகில் மரைப் பல் வெட்டியிருந்தது. அடிப்பக்கம் ஒரே மட்டத்தில் இருக்கும்படி நகர்த்தி வைத்தபோதுதான், பற்கள் மட்டும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை என்று கண்ணில் பட்டது. ஒன்றைவிட ஒன்று இம்மியளவு ஏறியிருந்தது.

அண்ணாச்சியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மரை என்றால் சுற்றச் சுற்ற ஏறுகிற பாதை. ஒரு தாடையிலிருந்து அடுத்த தாடைக்கு வருவதற்குள் அது கொஞ்சம் ஏறியிருக்கும். அந்த ஏற்றத்துக்குத் தக்கபடி ஒவ்வொரு தாடையிலும் பல்லைக் கொஞ்சம் தள்ளி வெட்டியிருப்பார்கள். அப்போதுதான் மூன்று நுனியும் ஒரே மட்டத்தில் வந்து நடுவில் சேரும். அவர் துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் தாடைகளின் பக்கவாட்டைத் தேய்த்தார். கறுப்புக்கு அடியிலிருந்து எண்கள் தெரிந்தன. ஒன்று. அதற்கு அடுத்து இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தான் மாத்திப் போட்டுருக்கேன்" என்றார். "நீ ஆடுதுன்னு சொன்னப்பயே பிரிச்சுப் பாத்துருக்கணும்."

எனக்கு நிம்மதி வரவேண்டியதுதானே? வரவில்லை. இரண்டு இரும்புத் துண்டு இடம் மாறியதற்கு ஒரு பிள்ளையின் கண்ணா என்றுதான் தோன்றியது. தலைமுடி அளவுக்கு நடு விலகியிருக்கிறது, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு நான் தினமும் கைப்பிடியை இறக்கியிருக்கிறேன்.

அன்றைக்கே அண்ணாச்சி எங்கள் ஊருக்கு வந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. என் கணவருக்கும் மாமியாருக்கும் முன்னால் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னார். தப்பு தன்னுடையது, உங்கள் வீட்டு மருமகள் முன்கூட்டியே சொன்னாள், தான் கேட்கவில்லை என்றார். மாமியார் அழுதார். அண்ணாச்சி போன பிறகு என் கணவர் என்னிடம் வந்து, சாப்பிட்டியா என்று கேட்டார். அவர் என்னிடம் அப்படிக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

கட்டு அவிழ்த்தபோது நானும் உள்ளே இருந்தேன். டாக்டர் நல்ல கண்ணை மறைத்து எழுத்துப் பலகையைக் காட்டினார். மேல் வரியை வாசித்தாள். அடுத்த வரியையும் வாசித்தாள். எனக்கு மூச்சு வந்தது. கீழே போகப் போக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கடைசி வரிகளுக்கு வந்ததும் வாயே திறக்கவில்லை. கண் பிழைத்துவிட்டது, சீழ் இல்லை, தழும்பு இருப்பதால் இவ்வளவு பார்வைதான் என்றார் டாக்டர்.

இருந்தும் அவள் கண்மாய்க்குள் இறங்கி ஓடினாள். ஓட்டத்தில் தேறினாள். கண் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன், எதையாவது செய்துகொள்வாளோ என்ற பயத்தில். அப்புறம் அவளே கதவைத் திறந்து காபி கேட்டாள். இப்போது அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூற்பாலையில் பெண்கள் பகுதிக்குக் காவல் வேலை பார்க்கிறாள். நீலச் சட்டை, தொப்பி, விசில் எல்லாம் உண்டு.

நான் பட்டறைக்குத் திரும்பிவிட்டேன். புதுச் சக் வாங்கி மாட்டியிருந்தார்கள். முதல் நாள் சுவிட்சைப் போட முடியாமல் கழிவறைக்குப் போய் நின்றேன். பிறகு வந்து போட்டேன். இப்போதும் பிட் மாற்றும்போதெல்லாம் சும்மா ஓடவிட்டு நுனியைப் பார்ப்பேன். புள்ளியாக நிற்கிறது என்று தெரிந்தாலும் நெஞ்சு அடிக்காமல் இருப்பதில்லை.

போன மாதம் ஷிப்டு முடிந்து அவள் என்னை அழைத்துப் போகப் பட்டறைக்கு வந்தாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் அங்கே கால் வைப்பது அதுதான் முதல் தடவை. வாசலில் அவள் உருவத்தைப் பார்த்ததும் என் விரல் தானாக மோட்டாரை அணைத்துவிட்டது.

"ஏன் நிப்பாட்டிட்டீக?" என்றாள். "ஓட்டுங்க மதினி. நான் பாக்கணும்."

வேண்டாம் தாயி என்றேன். அவள் அசையவில்லை. அலமாரியிலிருந்து கண்ணாடியை எடுத்து அவளே போட்டுக்கொண்டு, சற்றுத் தள்ளி நின்றாள். எனக்குக் கை ஈரமாகிவிட்டது. சேலையில் துடைத்தேன். சக்கைப் பார்த்தேன். சாவி மேஜையில் இருந்தது. மறுபடியும் சக்கைப் பார்த்தேன். சுவிட்சைப் போட்டு, கைப்பிடியை இறக்கினேன். இரும்பிலிருந்து சுருள் சுருளாகத் தூள் எழுந்து விழுந்தது. ஓட்டை முழுசாக விழும்வரை அவள் தலையைத் திருப்பாமல் நின்றாள். அவள் கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது.

அணைத்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். நான் கை கழுவிக்கொண்டு அவளோடு கிளம்பினேன்.