பனிக்குள் கேட்ட மூச்சு

“கத்தி! கத்தியக் குடு மாப்ள!”

பாதி உடம்பு படகுக்கு வெளியே தொங்க, படகை ஓட்டும் ஸ்ராங்கு வலையை இழுத்துப் பிடித்திருந்தார். அதில் சிக்கிக் கிடந்தது ஒரு டால்பின் குட்டி.

“புது வலை மாமா! அறுத்தா அக்கா நம்ம ரெண்டு பேரையும் அறுத்துடும்!” பதறினான் மச்சினன்.

“அவகிட்ட நான் உதை வாங்கிக்கிறேன். குடு!”

இது கட்டுக்கதை என்பவர்கள் அந்த மச்சினனிடமே கேட்கலாம். எழுந்து போய்விடுவான்.

காலை 6.40. கண்ணை மறைக்கும் பனி. குட்டி இருந்த இடத்தைக் காட்டியதே ஒரு மூச்சுச் சத்தம்தான். ப்ஃபூ... கொஞ்சம் தள்ளி மறுபடியும், ப்ஃபூ... இந்தப் பக்கம் வா என்பதுபோல. முதுகுத் துடுப்பின் நுனி பிய்ந்த பெரிய டால்பின். தாய். அது முங்கிய இடத்தில் தண்ணீர் அசையவே இல்லை. அவசரத்தில் யார் அதையெல்லாம் பார்த்தது?

டால்பின் நெருங்காமலிருக்க, வலை நெடுகக் கீச்சிடும் பெட்டிகள் கட்டியிருந்தார் ஸ்ராங்கு. இங்கே மட்டும் ஒன்று ஊமையாக இருந்தது.

“பேட்டரி மாத்தலையா?”

“ஒண்ணுதானேன்னு விட்டுட்டேன் மாமா...”

“சத்தமில்லாத எடத்த வழின்னு நெனச்சு வந்திருக்குடா.” ஸ்ராங்கு கத்தியைப் பிடுங்கினார்.

அறுத்தார். விரல் கிழிந்தது. மறுபடி அறுத்தார்.

குட்டி நழுவி மூழ்கியது.

எழவில்லை...

ப்ஃபூ! பெரிய மூச்சு. அதை ஒட்டியே...

ஒரு சின்ன மூச்சு.

“பொழச்சிடுச்சு மாமா!” மச்சினன் அழுதேவிட்டான். இரண்டும் உரசிக்கொண்டே பனிக்குள் மறைந்தன.

மிச்ச வலையை இழுத்தார்கள். கனத்தது.

அடியில்... ஒரு பெரிய டால்பின். கண் திறந்திருந்தது. உயிர் இல்லை.

துடுப்பின் நுனி பிய்ந்திருந்தது.

“திரும்பி வந்து மாட்டிக்கிச்சு போல...” என்றார் ஸ்ராங்கு.

“இப்பவா மாமா? இது வெறச்சுக் கெடக்கு...”

“பேசாத.”

துறைமுகத்தில் கால்நடை டாக்டரம்மா அதன் அடிவயிற்றை மெல்ல அழுத்தினார். பால் கசிந்தது. ஸ்ராங்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எப்பம்மா செத்துச்சு?”

“நேத்து ராத்திரியே போயிடுச்சு. பாவம், பால்குடிக் குட்டி ஒண்ணு இருந்திருக்கும். தனியா எங்க தவிக்குதோ...”

ஸ்ராங்கு கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தனியா இல்லம்மா,” என்றார்.