மாமா கேட்ட சாக்லெட்

எங்கள் தெருவில் அந்த நாளில் சாக்லெட்டுக்கும் மிட்டாய்க்கும் ஒரே வித்தியாசம்தான். பாட்டிலுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தால் மிட்டாய். காகிதம் சுற்றியிருந்தால் சாக்லெட். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. மாமாதான் ஒரு தரம் மெட்ராஸ் போய் வந்தபோது வெள்ளித்தாள் சுற்றிய, பழுப்பு நிறத்தில், நாக்கில் வைத்தால் வெண்ணெய் மாதிரி இளகுகிற அசல் சாக்லெட்டை வாங்கி வந்தார். தெருவில் ஆளுக்கொரு கிள்ளு தின்றோம். "கசக்குதேப்பா, இதுக்கா காசு குடுத்தே?" என்று பாதிப் பேர் துப்பினார்கள். மாமா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தின்றார்.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். ஒரே கூடத்தில் இரண்டு தறி. ஒன்றில் அவர், ஒன்றில் நான். தறிக்கு அடியில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுவோம். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். கை, ஊடு நூல் சுற்றிய நாடாவைத் தள்ளிக்கொண்டிருக்கும். காது, தெருவில் யார் என்ன சொலவடை சொல்லிக்கொண்டு போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கும். கேட்டதைச் சமயம் பார்த்து எடுத்து விடுவேன். கிடைக்காவிட்டால் நானே ஒன்று கட்டி விடுவேன். நாலு பேர் சிரித்தால் அன்றைக்கு எனக்கு வயிறு நிறைந்த மாதிரி.

முப்பத்திரண்டு வயதில் மாமாவுக்குச் சர்க்கரை வியாதி வந்தது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். ஆள் பாதியாக இளைத்தார். அவர் ஒதுங்குகிற கொல்லை மூலையில் எறும்பு மொய்த்தது. பக்கத்து வீட்டு அம்மாள்தான் அதைப் பார்த்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டாள். "எறும்பு பொய் சொல்லாதும்மா. அவர ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ."

டாக்டர் அக்காவை எதிரில் உட்காரவைத்துச் சொல்லியனுப்பினார். தினம் காலையில் ஊசி. இனிப்பு இனிமேல் இவருக்கு விஷம். அக்கா அந்த ஒரு சொல்லைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தவள் மாதிரி வந்தாள். வெல்லப் பானை அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. கோயிலில் சர்க்கரைப் பொங்கல் நீட்டினால் அவர் கையை இவளே மடக்கிவிடுவாள். மிளகும் சுக்கும் போட்ட கோயில் இட்லிக்கு மட்டும் தடையில்லை. ஊசிக் குழாயைத் தனிப் பாத்திரத்தில் கொதிக்கவைத்துக் கொடுத்து, அவர் தொடையில் தானே குத்திக்கொள்வதை நின்று பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குத் திரும்புவாள். புருஷன் சாகக் கூடாது. அதைத் தவிர அவளுக்கு வேறு யோசனை கிடையாது.

சில மாதம் கழித்து, தறியில் இருந்தவருக்குத் திடீரென்று வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கி நாடா கீழே விழுந்தது. மறுநாள் அவர் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். வந்து சொன்னார்:

"ஊசி போட்டப்புறம் சோறு தின்ன லேட்டாச்சின்னா ஒடம்புல சக்கரை ஒரேயடியா எறங்கிடுமாம். அப்ப இனிப்புதான் மருந்தாம். சட்டைப் பையில எப்பவும் ஒரு சாக்லெட் வெச்சிக்கோ, நடுக்கம் கண்டா ஒடனே வாயில போடு, இல்லேன்னா உசுரு போயிடும்னாரு."

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். "வெஷம்னு சொன்ன வாய் அதயே தின்னுன்னு சொல்லுமா? எனக்கு எப்பவோ காது குத்தியாச்சு. நீங்க ஒண்ணும் புதுசா குத்த வேணாம்."

"நெசமாத்தாம்மே. வேணும்னா நீயே வந்து கேளு."

"கரும்பு தின்னக் கூலியா மாமா? அதுவும் டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்த கரும்பு!" என்றேன் நான்.

மாமா சிரித்துவிட்டார். அது அவர் சுபாவம். தன் உயிர்ச் சங்கதியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுகூட எதிராளி சிரித்தால் தானும் சிரிப்பார். அவர் சிரித்ததைப் பார்த்ததும் அக்காவுக்குச் சந்தேகம் நிச்சயமாகிவிட்டது. டாக்டரிடம் போய்க் கேட்கவில்லை.

அப்புறம் இரண்டு மூன்று தரம் என் கண்ணெதிரிலேயே அந்த நடுக்கம் வந்தது. பையிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தறிக்கட்டையில் சாய்ந்து கண்ணை மூடியிருப்பார். கால் மணி நேரத்தில் பழையபடி நெய்ய ஆரம்பிப்பார். "ஊர்ல எல்லாருக்கும் வேப்பிலையில சாமி எறங்கும், எங்க மாமாவுக்குச் சாக்லெட்ல எறங்குது" என்று நான் வாசலில் சொன்னது, பொழுது சாய்வதற்குள் தெருக்கோடி டீக்கடை வரைக்கும் போய்விட்டது. மாமாவைப் பார்த்தால் "இன்னாப்பா, இன்னிக்கு சாமி வந்துச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அவரையும் முழுக்க நல்லவராக்கிவிட முடியாது. ஒரு வெள்ளிக்கிழமை அவர் தறிக்குழியை நான் கூட்டும்போது உள்ளே ஏதோ மினுங்கியது. ஜரிகைத் துண்டு என்று பதறிப்போனேன். குழியில் ஜரிகை கிடந்தால் நெய்கிறவன் பேருக்குக் கெடுதல். எடுத்து ஒளித்தான் என்று ஒரு சொல் வந்துவிடும். குனிந்து எடுத்தால் வெள்ளித்தாள். ஒன்றிரண்டு இல்லை, ஒரு கைப்பிடி. அத்தனை தரமா நடுக்கம் வந்தது? மருந்து என்று வாங்கியதை ஆசைக்கும் தின்றிருக்கிறார். மனுஷன்தானே.

நான் அதோடு விட்டிருக்கலாம். கையில் வைத்துக்கொண்டு நேரே அக்காவிடம் போனேன். "ஜரிகைன்னு நெனச்சேங்க்கா. மாமா வயித்துக்குள்ள தனியா ஒரு சேல நெய்யறாரு போலக்குது."

அக்கா சிரிக்கவில்லை. அன்று மத்தியானம் அவர் சட்டைகள் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, முறுக்கேற்றிய பட்டு நூலால் பைகளின் வாயைத் தைத்துவிட்டாள். பட்டு நூலைக் கையால் அறுக்க முடியாது, விரல்தான் அறுபடும். மாமா அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு தெருவில் நடந்து, "என் வாயத் தெக்க முடியலன்னு பையத் தெச்சிட்டா பா" என்று எல்லோரிடமும் காட்டினார். பயந்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் மறுநாள் தறியில் இருக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு சாக்லெட்டை என்னிடம் நீட்டினார்.

"மச்சான், இத நீ வெச்சிக்கோ. எனக்கு அந்த மாதிரி ஆனா வாயில போட்டுடு. வேற யாரும் நம்ப மாட்டேன்றாங்க."

"சரி மாமா" என்று வாங்கி நூல் டப்பாவில் வைத்தேன். சித்திரை வெயிலில் அது உருகி ஒழுகியது. ஒரு நாள் பார்த்தால் டப்பா முழுக்க எறும்பு. பட்டில் கறை பட்டால் என்ன ஆவது என்று பயந்து, வழித்துச் சாக்கடையில் போட்டேன். அவரிடம் சொல்லவில்லை. வேறு ஒன்று வாங்கி வைக்கவும் இல்லை. அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

எதிர்வீட்டுப் பெரியவருக்கு ஒரு நாள் தெருவில் பாவு போட்டோம். பாவு என்பது சேலையின் நீளவாக்கு நூல். தெரு நீளத்துக்கு அதை நீட்டி, கஞ்சி தடவி, காயவைத்துச் சுருட்ட வேண்டும். விடியும்போது ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். இரண்டு முனையிலும் கட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்பவர்கள் கையை விட்டால் ஆயிரக்கணக்கான இழையும் சிக்கிக்கொள்ளும். அதனால் சுருட்டி முடியும்வரை கட்டை பிடித்தவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அது தெருவின் கட்டுப்பாடு.

மாமா விடிந்ததும் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். "ஏழு மணிக்கு முடிஞ்சிடும். வந்து தின்னுக்கறேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு மேற்கு முனையைப் பிடித்தார். அன்றைக்கென்று வானம் மூடிக்கொண்டது. கஞ்சி காயவில்லை. எட்டு ஆயிற்று, எட்டரை ஆயிற்று.

"பெரியப்பா, யாரனா கட்டையப் புடிங்க. நான் ரெண்டு வாய் தின்னுட்டு ஓடியாந்துர்றேன்" என்று மாமா குரல் கொடுத்தார்.

"இன்னாப்பா, மாப்ள விருந்தா ஆறிப்போவுது? இன்னும் கொஞ்ச நேரம்தான், புடி" என்றார் பெரியவர்.

மாமா பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒன்பது மணி வாக்கில் லேசாகத் தூறல் போட்டது. எல்லோரும் "சுருட்டு, சுருட்டு" என்று கத்திக்கொண்டிருக்கும்போது மேற்கு முனை தொய்ந்தது. மாமா கட்டையை விட்டுவிட்டார். ஈர மண்ணில் பாவு விழுந்தது. பெரியவர் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். மாமா இரண்டடி தள்ளாடி, சுவரைப் பிடித்து, பிடி கிடைக்காமல் குந்திவிட்டார். சட்டை நனைந்திருந்தது. கை மட்டும் சட்டைப் பையைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது.

சாராயக்கடை திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காலங்காத்தாலே தள்ளாடி வருகிறவர்களைத் தெரு பார்த்துப் பழகியிருந்தது.

"காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டானா?" என்றார் ஒருவர். "அதான் கையில நெலையில்ல."

மாமா என்னைத் தேடிப் பார்த்தார். நாக்குப் புரளவில்லை. "மச்சா… சாக்லேட்டு… குர்றா…"

எனக்கு நூல் டப்பா ஞாபகம் வந்தது. ஒரு நொடி வந்தது. என்னிடம் இல்லை. பதினைந்து இருபது பேர் சுற்றி நின்று என் முகத்தைப் பார்க்கிறார்கள். என் அக்கா புருஷன் இன்னொருத்தர் பாவை மண்ணில் போட்டிருக்கிறார். வாயில் தயாராக ஒன்று இருந்தது. சொன்னேன்:

"குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சும்பாங்க. எங்க மாமாவுக்கு விடிஞ்சப்புறம்தான்யா பேச்சே வருது!"

பெரியவர்கூடச் சிரித்துவிட்டார். அத்தனை கோபத்திலும். மாமா இன்னும் இரண்டு தரம் அதையே கேட்டார். ஒவ்வொரு தரமும் சிரித்தார்கள். தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். எலுமிச்சம்பழத்தை உப்புப் போட்டுப் பிழிந்து வாயில் விட்டார்கள். பாதி வழிந்தது. "தூங்கி எழுந்தா தெளிஞ்சிடும்" என்று தூக்கிக்கொண்டு போய்ப் பெரியவர் வீட்டு நடையில் படுக்கவைத்தார்கள்.

அக்கா ஓடி வந்தாள். "குடிச்சிட்டாரும்மா" என்று சொன்னதும் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே வந்து பார்க்கவில்லை. தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, "தெளிஞ்சப்புறம் வரட்டும். இப்ப வூட்டுக்குத் தூக்கியாராதீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

நாங்கள் பாவைக் காப்பாற்றப் போனோம். சிக்கெடுப்பதில் நான் கெட்டிக்காரன் என்று பேர். இழை இழையாகப் பிரித்து, மண்ணை அலசி, அறுந்ததை முடிந்து, பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. பாவு பிழைத்துவிட்டது. பெரியவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அப்போதுதான் உள்ளேயிருந்து அவர் வீட்டு அம்மாள் கத்தினாள். "யாரனா வாங்களேன், இவரு கூப்புட்டா ஏந்திரிக்கல, கை கால் வெட்டி வெட்டி இழுக்குது."

குதிரை வண்டியில் போட்டுக்கொண்டு போனோம். அக்கா வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்தாள். ஆஸ்பத்திரியில் அவளை வெளியில் நிறுத்திவிட்டு, டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கைநரம்பில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

"குடிச்சிருக்கார்னு எப்படித் தெரிஞ்சது?"

"தள்ளாடினாருங்க. நாக்கு கொழறிச்சு."

"யாராவது வாயை மோந்து பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அத்தனை பேரில் ஒருத்தர்கூட.

"ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணி குடுத்திருந்தா எழுந்து நடந்திருப்பார். சாக்லெட் வெச்சுக்கச் சொன்னேனே, இல்லையா? எதுவும் கேக்கலையா அவர்?"

"இல்லீங்க" என்றேன்.

மாமா கண் விழிக்கவேயில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

குடி இல்லை, சர்க்கரை வியாதிதான் என்பது மட்டும் தெருவுக்கு எட்டியது. தெரு தனக்குத் தெரிந்தபடி ஒரு கதை கட்டிக்கொண்டது. டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் திருட்டுத்தனமாகச் சாக்லெட் தின்று தின்றே செத்தான் என்று. பிள்ளைகள் சாக்லெட் கேட்டு அழுதால் தாய்மார்கள் எங்கள் வீட்டைக் காட்டிப் பயமுறுத்தினார்கள். அக்காவும் அதையே நம்பினாள். இன்னும் முன்னாலேயே பையைத் தைத்திருக்க வேண்டும் என்று என்னிடம் சொல்லி அழுதாள். டாக்டர் சொன்னதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். சொன்னால் தாங்கமாட்டாள் என்று வாயை மூடிக்கொண்டேன். வெகு காலம் அதை அவளுக்காகச் செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சொன்னால், மாமா என்னிடம் கேட்டதையும் நான் பதிலுக்கு என்ன சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பதினாறாம் நாள் படையல். வாழையிலையில் அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்தார்கள். ஒரு பெரியம்மா இரண்டு ஜாங்கிரியைக் கொண்டுவந்து இலையில் வைத்து, "ஆசப்பட்ட ஜீவன். இருக்கும்போது தின்ன வுடல, இப்பவாச்சும் தின்னட்டும்" என்றாள்.

அக்கா குனிந்து அந்த ஜாங்கிரியை எடுத்து அப்புறம் வைத்தாள்.

"அவருக்கு ஆகாது" என்றாள்.

அவள் இலையைச் சரிபார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"கடேசியா உன் கிட்டத்தானேடா பேசிக்கினு இருந்தாரு. எதனா கேட்டாரா? கேட்டிருந்தா சொல்லு, வெச்சிடலாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மோர் கேட்டாருக்கா" என்றேன்.

அக்கா எழுந்து உள்ளே போனாள். ஒரு டம்ளர் மோரில் உப்புப் போட்டுக் கலக்கி எடுத்து வந்து, சிந்தாமல், இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.