பம்பாய்க்குப் போட்ட நேர்கோடு

அப்போது நான் பாளையங்கோட்டையில் பூகோள வாத்தியார். ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். மதியம் அவருடைய மூத்த மகன் சங்கரன் ஓடி வந்தார்.

"தம்பி பம்பாய்ல ரயிலேறிட்டானாம், தந்தி வந்திருக்கு. எப்ப வந்து சேருவான், வாத்தியாரே?"

ஸ்டேஷனில் விசாரித்திருக்கலாம். கர்வம் விடவில்லை. வரைபடத்தில் அடிக்கோலை வைத்து நேராக அளந்தேன். ரயிலின் வேகத்தால் வகுத்தேன்.

"நாளை ராத்திரிக்குள்ள வந்துருவான் வே" என்றேன்.

அதை நம்பி உடலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மறுநாள் முழுவதும் தம்பி வரவில்லை. அதற்கு மேல் தாங்காது என்று அடுத்த நாள் விடிந்ததும் ஆற்றங்கரையில் எரித்தார்கள். ரயில் சென்னைப் பட்டணம் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் அளந்தது பறவை பறக்கும் தூரம்.

நான்காம் நாள் தம்பி வந்தான். நான் போய் என் தவறை ஒப்புக்கொண்டேன். சங்கரன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீரு சொல்லலைன்னா அன்னைக்கே தூக்கிருப்போம். உம்மாலதான் எங்கய்யா இன்னொரு நாள் எங்ககூட இருந்தாரு."

அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்காத தம்பி என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

நான் செய்தது ஒரே காரியம். அது அந்த வீட்டுக்கு நன்மையா, தீமையா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.