லாரி சத்தம் கேட்காத அறை

அந்த அறையில் சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வது கேட்கும். ஜன்னலுக்கு வெளியே, சுற்றுச்சுவரை ஒட்டிய சாலையில், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். சக்கரங்கள் கிளப்பும் வெள்ளைப் புழுதி தெரியும். டிரைவர் ஹாரனை அழுத்த, முன்னால் பைக்கில் போகிறவர் திடுக்கிட்டு ஓரம் கட்டுவதும் தெரியும். சத்தம் மட்டும் உள்ளே வராது. அரியலூருக்கு வெளியே ஒரு தனியார் பள்ளியின் தாளாளர் அறை அது. அந்த ஜன்னலை வைத்துக் கொடுத்தவன் நான். அப்போது பெரம்பலூரில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் இன்ஜினியராக இருந்தேன். அந்த வேலையைப் பற்றி எத்தனையோ பேரிடம் பெருமையாகப் பேசியிருக்கிறேன். இப்போது நினைத்தால் என் மீதே காறித் துப்பத் தோன்றுகிறது.

நல்ல ஜன்னல்தான், அதில் குறை சொல்ல முடியாது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே காற்றுப் புகாமல் அடைத்த ஓர் இடைவெளி. வெளிப்பக்கக் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு. அது வெளிச்சத்தை விட்டுவிட்டு வெயிலின் சூட்டைத் திருப்பி அனுப்பிவிடும். உள்பக்கக் கண்ணாடியே இரண்டு தகடுகளை ஒட்டியதுதான். ஒட்டுக்கு நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கும். லாரியின் அதிர்வை அந்தப் படலம் வாங்கி விழுங்கிவிடும். கண்ணாடி உடைந்தாலும் சில்லுகளைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில்கூட அந்த அறையில் ஏசியை அரைமணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்திவிடலாம். தாளாளர் வருகிறவர்களிடமெல்லாம் அந்த ஜன்னலை விரல் மடித்துத் தட்டிக் காட்டுவார். "தம்பி, நீங்களே சொல்லுங்க" என்பார். நானும் பாடம் ஒப்பிக்கும் பையனைப் போலச் சொல்வேன்.

வரைபடத்தில் சாலைப் பக்கத்து வகுப்பறைகள் எல்லாவற்றுக்கும் இதே கண்ணாடிதான் போட்டிருந்தேன். தாளாளர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பசங்களுக்கு எதுக்கு தம்பி இதெல்லாம்? வெளியில இருந்து பாத்தா ஒரே மாதிரி தெரிஞ்சாப் போதும்" என்றார். ஒரே மாதிரி தெரிய வைத்தோம். சாதாரணக் கண்ணாடியை வாங்கி, அதன் வெளிப்பக்கத்தில் நீலநிற ஃபிலிமை ஒட்டினோம். சாலையில் நின்று பார்த்தால் பன்னாட்டு நிறுவனத்தின் அலுவலகம் போலக் கட்டடம் மின்னியது. வேலை முடிந்ததும் நிறைவுச் சான்றிதழில் 'கட்டடம் முழுவதும் பாதுகாப்புக் கண்ணாடி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. பேனா நன்றாகவே எழுதியது.

கணக்கு டீச்சரை நான் முதலில் பார்த்தது கட்டடம் திறந்து சில மாதங்கள் கழித்து, ஒழுகும் குழாய் ஒன்றைப் பார்க்கப் போனபோது. வரதராஜன்பேட்டையிலிருந்து ஜெயங்கொண்டம் வந்து, அங்கே பஸ் மாறி, எட்டரை மணிக்குள் பள்ளிக்கு வந்துவிடுகிறவர். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. குரல் மட்டும் கரகரவென்று, தொண்டை கட்டியவர் பேசுவது போல இருந்தது. பிறவிக் குரல் அல்ல, அந்த வகுப்பறை கொடுத்த குரல் என்று பிறகு புரிந்தது. ஏழாம் வகுப்புக்கு அவர் பாடம் நடத்துவதை வாசலில் நின்று பார்த்தேன். "எக்ஸ் பிளஸ் அஞ்சு..." என்று தொடங்குவார். லாரி வரும். சாக்பீஸைப் பலகையில் வைத்தபடியே நிற்பார். பிள்ளைகளும் பேனாவைத் தூக்கியபடி அப்படியே இருப்பார்கள். லாரி போனதும் "...இஸ் ஈக்வல் டு பன்னெண்டு" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அதற்குள் அடுத்த லாரி வந்துவிடும். ஜன்னல் மூடித்தான் இருந்தது. மூடியும் சத்தம் நிற்கவில்லை; மூடியதால் உள்ளே வெந்தது. மின்விசிறி சூட்டைக் கிளறி எல்லோர் தலையிலும் கொட்டிக்கொண்டிருந்தது. திறந்தால் சுண்ணாம்புப் புழுதி நோட்டுப் புத்தகங்களில் மாவு போலப் படியுமாம்.

அன்றைக்கே, நான் தாளாளர் அறையில் இருந்தபோது அவர் அங்கே வந்தார். ஜன்னலைப் பற்றிச் சொல்லத்தான் வந்தார். உள்ளே நுழைந்தவர் நாலடி வைத்ததும் நின்றுவிட்டார். வெளியே போகும் லாரியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இங்க சத்தமே கேக்கலியே சார்" என்றார்.

தாளாளருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கேட்டது யார், எதற்காகக் கேட்கிறார் என்பதையெல்லாம் யோசிக்கிற மனிதர் அல்ல அவர். "தம்பி, டீச்சருக்குச் சொல்லுங்க" என்றார். நான் சொன்னேன். இரண்டு தகடு, நடுவில் படலம், உடைந்தாலும் கீழே விழாது, சூடு வராது, மின்சாரம் மிச்சம். அவர் நல்ல மாணவியைப் போலக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "எங்க கிளாஸ்லயும் இதே கண்ணாடிதாங்களா?" என்று என்னிடம் கேட்டார். நான் தாளாளர் முகத்தைப் பார்த்தேன். "எல்லாம் ஒண்ணுதாம்மா. நீங்க குரலைக் கொஞ்சம் ஒசத்திப் பேசுங்க" என்றார் தாளாளர். மேசையில் இருந்த பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துக் கடித்தேன். அந்த பிஸ்கட் கரைந்து தொண்டையில் இறங்கியது இன்னும் நினைவில் இருக்கிறது.

கோடை தொடங்கியபோது அவருடைய வகுப்பு ஜன்னலில் கீழ்மூலையிலிருந்து ஒரு விரிசல் ஓடத் தொடங்கியது. யாரும் கல் எறியவில்லை, பந்தும் படவில்லை. சாதாரணக் கண்ணாடியில் ஃபிலிமை ஒட்டினால் அது வெயிலை உறிஞ்சும். ஃபிரேமுக்குள் மறைந்திருக்கும் ஓரம் குளிர்ந்திருக்க, நடுப்பகுதி காயும். அந்த வித்தியாசம் தாங்காமல் கண்ணாடி தானாகவே விரிசல் விடும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். டீச்சர் எழுத்தில் புகார் கொடுத்தார். விரிசல் மேல் ஒரு படம் ஒட்டினார்கள். 'மரம் நடுவோம், பூமியைக் காப்போம்' என்று அதில் எழுதியிருந்ததாம்.

டீச்சர் வேறொன்று செய்தார். ஜன்னலோரம் இருந்த இரண்டு வரிசை பெஞ்சுகளையும் பிள்ளைகளை வைத்தே தூக்கி எதிர்ச்சுவர் பக்கம் போட்டுவிட்டார். பெஞ்சுகள் இடைவெளியின்றி ஒன்றோடொன்று ஒட்டி நிற்க, பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில் அவருடைய மேசையும் நாற்காலியும் மட்டும். வகுப்பறையின் அழகு கெடுகிறது, அனுமதியின்றி இடம் மாற்றியிருக்கிறார் என்று அவருக்கு மெமோ கொடுத்தார்கள். வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பெஞ்சுகளை மட்டும் திருப்பிப் போடவில்லை.

மத்தியானத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். எங்கள் பக்கத்தில் அது புதிதல்ல. பாத்திரம் கொஞ்சம் கிணுங்கும், அவ்வளவுதான். அந்த ஜூலை மாதத்து வெடிக்கு, ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த கண்ணாடி ஃபிரேமை விட்டுச் சரிந்தது. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். தலையைக் காக்க வலது கையைத் தூக்கியிருக்கிறார். முழங்கைக்குக் கீழே நீளமாகக் கிழித்து, நரம்பு வரை போய்விட்டது. பெஞ்சுகள் பழைய இடத்தில் இருந்திருந்தால் அந்தக் கண்ணாடி எத்தனை பிள்ளைகளின் கழுத்தில் இறங்கியிருக்கும் என்று இப்போதும் எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளைகளில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அதுவே பள்ளிக்கு வசதியாகப் போயிற்று. ஆம்புலன்ஸ் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அறையைக் கூட்டிக் கழுவினார்கள். மறுநாள் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. பெற்றோர்கள் கேட்டபோது, டீச்சர் ஜன்னலை வேகமாக இழுத்துத் திறந்ததில் உடைந்தது என்றார்கள். தாளாளர் எனக்குப் போன் செய்தார். "ஒரு லெட்டர் குடுங்க தம்பி. போட்டது சேஃப்டி கிளாஸ்தான், பலமா அடி பட்டாத்தான் ஒடையும்னு. ஏற்கெனவே எழுதுனதுதான?" ஏற்கெனவே எழுதியதுதான். ஒரு பொய்க்கு அடியில் இன்னொரு பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அலுவலகப் பியூனிடம் கொடுத்தனுப்பினேன். அன்று வீட்டுக்குப் போய் வழக்கம்போல முகம் கழுவிவிட்டுச் சாப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்து விசாரணைக்குக் கல்வித் துறை அதிகாரி ஒருவர் வந்தார்; என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். விசாரணை எங்கே நடந்தது தெரியுமா? தாளாளர் அறையில். அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் அதிகாரிக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். "ரொம்ப அமைதியா இருக்கே" என்றார் அவர். தாளாளர் கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். என் கடிதத்தை அதிகாரி படித்து, "அப்ப டீச்சர் மேலதான் தப்புன்னு ஆவுது" என்றார்.

டீச்சர் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. இடது கையால் அதற்குள்ளிருந்து துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்து, மெதுவாகப் பிரித்து மேசை மேல் வைத்தார். ஒரு முழ நீளம், கத்தி போலக் கூர்ந்த கண்ணாடி. ஒரு பக்கத்தில் நீல ஃபிலிம் உரிந்து தொங்கியது. அன்றைக்கு நாற்காலி முதுகில் மாட்டியிருந்த அவருடைய பைக்குள் அது விழுந்திருக்கிறது. பையோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது. கூட்டிக் கழுவியவர்களின் கண்ணில் படாமல் தப்பியது அது ஒன்றுதான்.

அவர் அதிகாரியிடம் பேசவில்லை, என்னிடம்தான் பேசினார். "இன்ஜினியர் சார், ரெண்டு தகடு இருக்கும், நடுவுல படலம் இருக்கும், ஒடைஞ்சாலும் கீழ விழாதுன்னு இதே ரூம்ல எனக்கு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? இதுல ஒரு தகடுதான் இருக்கு. படலத்தைக் காணோம். நான் பாத்துட்டேன். நீங்களும் பாத்துட்டுச் சொல்லுங்க."

கண்ணாடியை எடுத்துத் திருப்பினேன். ஓரத்தில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. ரத்தம் என்று தெரிந்ததும் கண்ணாடியைத் திரும்பத் துண்டின் மேல் வைத்தேன். மேசையில் தேநீரும் அதே பிஸ்கட் தட்டும் இருந்தன. தாளாளர் "தம்பி..." என்று இழுத்தார். "இது சாதாக் கண்ணாடிங்க. ரோட்டுப் பக்கம் எல்லா கிளாஸ்லயும் இதுதான் போட்டோம். நான் எழுதினது ரெண்டும் பொய்" என்றேன். சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிடும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை.

அதன்பின் நடந்தவை வேகமாக நடந்தன. வகுப்பறைக் கண்ணாடிகள் முழுவதையும் கழற்றி, ஒட்டுக் கண்ணாடி போட்ட பிறகே பள்ளியைத் திறக்கலாம் என்று உத்தரவு வந்தது. என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். எங்கள் தொழிலில் கையெழுத்துப் போடும் உரிமையும் போனது. போனதில் எனக்கு வருத்தமில்லை. பாடாலூரில் நெடுஞ்சாலையோரம் ஒரு ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். தாளாளருக்கு ஒன்றும் ஆகவில்லை. சென்ற வருடம் அந்தப் பள்ளிக்கு மின்சாரச் சிக்கனத்துக்காக ஒரு விருது கிடைத்தது. அவர் பொன்னாடையோடு, புதுக் கண்ணாடிகளுக்கு முன்னால் நின்று சிரிக்கும் படத்தை யாரோ எனக்கு அனுப்பியிருந்தார்கள். வகுப்பறைகள் இப்போது அமைதியாக, குளிர்ச்சியாக இருக்கின்றனவாம். 'பிள்ளைகளின் நலனே எங்கள் முதல் நோக்கம்' என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

கணக்கு டீச்சர் அந்தப் பள்ளிக்குத் திரும்பவில்லை. வலது கையின் மூன்று விரல்கள் மடங்குவதில்லை. இடது கையால் எழுதப் பழகி, வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறார். சில மாதங்களுக்கு முன் தேடிக்கொண்டு போனேன். ஒரு மன்னிப்பு பாக்கி இருந்தது. உண்மையைச் சொன்னால், அதைவிடவும், அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்ற ஆசை இருந்தது.

உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். கரகரத்த குரல் அப்படியேதான் இருந்தது. நான் தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடாமல் கேட்டார்.

"கடைசில நீங்க உண்மையச் சொன்னீங்கன்னு எல்லாரும் பெருமையா சொல்றாங்க சார். நானும் இல்லேங்கல" என்றார். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். அந்தத் துண்டு என் பைக்குள்ள விழாம இருந்திருந்தா, சொல்லியிருப்பீங்களா?"

பிள்ளைகள் வரும் நேரமாகிவிட்டது என்று எழுந்து உள்ளே போனார். பதில் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.