முந்நூறு உப்புக்கொத்திகளில் ஒன்று

மைசூர் ஹெப்பாளில் போல்ட் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் சோதனை மேஜையில் உட்கார்ந்தவள் ராமக்காள். கோளாறான போல்ட் அவள் கண்ணுக்குத் தப்பியதே இல்லை. போன மாதம் போல்ட்டைச் சோதிக்கக் கேமரா மெஷின் வந்தது. அவளைப் பேக்கிங்குக்குத் தள்ளிவிட்டார்கள். "இனிமே கண்ணுக்கு வேலை இல்லம்மா" என்றார் சூப்பர்வைசர், என்னவோ பெரிய உபகாரம் செய்கிறவர் மாதிரி. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தன் கண்ணின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

மாசி பிறந்ததும் தொழிற்சாலையின் பறவைக் குழு மைசூரிலிருந்து மல்பெ கடற்கரைக்குக் கிளம்பியது. வேனில் ஓர் இடம் காலியாக இருந்தது. கடலையாவது பார்ப்போம் என்று அவளும் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஈர மணலில் முந்நூறு உப்புக்கொத்திகள் மேய்ந்தன. மண் நிறத்தில் சின்னச் சின்னப் பறவைகள், எல்லாம் ஒரே அச்சு. குழுத் தலைவர் மாணிக்கவாசகம் டெலஸ்கோப்பில் அரை மணி நேரம் துழாவிவிட்டு, "விசேஷமா ஒண்ணும் இல்ல, நடங்க" என்றார்.

"ஏனுங்க, அதுல ஒண்ணோட காலு மட்டும் வேற மாதிரி இருக்குதுங்க" என்றாள் ராமக்காள்.

"டெலஸ்கோப்புல பாத்த எனக்கே தெரியல. வெறுங்கண்ணுல உங்களுக்குத் தெரியுதாக்கும்!" மனிதருக்குப் பறவை ஞானம் நிறைய. அடக்கம்தான் கொஞ்சம் குறைச்சல்.

ராமக்காளுக்கு முகம் சுண்டிப்போனது. சூப்பர்வைசர் சொன்னது நிஜம்தானோ? அந்த நேரம் பார்த்து ஒரு நாய் ஓடிவர, கூட்டம் மொத்தமும் எழும்பி, கடல்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, இடம் மாறி இறங்கியது.

"போச்சு, இனி எங்க தேடறது?" என்றார் மாணிக்கவாசகம், தப்பித்தோம் என்ற குரலில்.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். "அங்க பாருங்க, கவுத்த படகுக்குப் பக்கத்துல, மூணாவது!"

அவர் வேண்டாவெறுப்பாக டெலஸ்கோப்பைத் திருப்பினார். பிறகு குனிந்து ஃபோகஸைத் திருகினார்.

"ஹௌதா! நிஜந்தானா!" என்றார். வலது காலில் பச்சை வளையம். எங்கோ தூர தேசத்தில் யாரோ பிடித்து, அடையாளத்துக்கு மாட்டி அனுப்பிய பறவை. ஒன்பது வருஷமாகக் கரை கரையாக அலைந்தும் அந்தக் குழுவுக்கு இப்படி ஒன்று அகப்பட்டதில்லை.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"ஒவ்வொண்ணாப் பாத்தா ஒண்ணும் தெரியாதுங்க. மொத்தமாப் பாக்கோணும். கோளாறு தானா வந்து நிக்கும்." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. சந்தோஷம் தாங்கவில்லை.

மாணிக்கவாசகம் டெலஸ்கோப்பைத் தோளில் தூக்கிக்கொண்டார். "அந்தப் பக்கம் இன்னொரு கூட்டம் இருக்கும்மா. நீங்க முன்னால நடங்க."