கடலில் கிரேன் ஓட்டுகிற மகன்

சோப்புத்தூளும் டீசலும் கலந்த ஒரு வாடை...

2003-இல் முதல் லீவில் உத்தமபாளையம் வந்து பெட்டியைத் திறந்தபோது வீடெல்லாம் அதுதான் அடித்தது. அத்தா, அதாவது எங்கள் அப்பா, அதைப் பெருமையாக மூச்சிழுத்து "கிரேன் வாடை" என்றார்.

நான் இருந்தது கடலில் எண்ணெய் பிளாட்பாரம் கட்டுகிற பிரம்மாண்டமான கிரேன் கப்பல். ஆயிரக்கணக்கான டன்னை அலுங்காமல் தூக்கி வைக்கும். நான் பார்த்ததோ லாண்டரி வேலை. கீழ்த்தளம், ஜன்னல்கூடக் கிடையாது. வாளித் தண்ணீர் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தால், மேலே ஏதோ தூக்குகிறார்கள் என்று தெரிந்துகொள்வேன். அவ்வளவுதான் எனக்கும் கிரேனுக்கும் இருந்த சம்பந்தம்.

போனில் "கிரேன் கப்பல்ல வேலை" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். எங்கள் பக்கம் ஒருவன் ஏலத்தோட்டத்து ஜீப்பில் வேலை என்றால் ஜீப் ஓட்டுகிறான் என்று அர்த்தம். அத்தாவும் அப்படியே எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லிவிட்டார். லீவில் வந்த பிறகுதான் எனக்கே தெரியும். எப்படிச் சொல்வது என்று முழித்துக்கொண்டிருந்தேன்...

அதற்குள் அத்தா வேலை பார்த்த மண்டியின் வாழைக்காய் லாரி, சின்னமனூர் ரோட்டில் வாய்க்காலுக்குள் கவிழ்ந்தது. நல்ல வேளையாக யாருக்கும் அடியில்லை. தேனியிலிருந்து கிரேன் வந்தது. அத்தா என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

கூட்டத்தில் ஒருவர், "ஏலே ஒதுங்குங்கடா, கடல்ல கிரேன் ஓட்டுறவுக வந்துட்டாக" என்றார்.

கிரேன் ஓட்டுநர் இறங்கிவிட்டார். வயசாளி. தோளில் கிடந்த துண்டை எடுத்து சீட்டைத் துடைத்தார்.

"வாங்க தம்பி, நீங்களே தூக்கிக் குடுங்க. நானும் பாத்துக்கிறேன்."

அத்தா என் முதுகில் கை வைத்து லேசாகத் தள்ளினார். அந்தக் கை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

"அண்ணே, எனக்கு ஓட்டத் தெரியாது. அங்கன நான் துணி தொவைக்கிறேன்."

யாரோ சிரித்தார்கள். முதுகிலிருந்த கை இறங்கியது. அத்தா யாரையும் பார்க்காமல் வாய்க்காலுக்குள் இறங்கி, மிதந்த வாழைத்தார்களைப் பொறுக்க ஆரம்பித்தார். நானும் இறங்கினேன். வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டது. அதைவிட, அத்தாவின் குனிந்த தலையைத்தான் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மொதல்லயே சொல்லிருக்கலாம்ல... நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேன்ல."

கப்பலுக்குத் திரும்பியதும் வைராக்கியமாக மேல்தளத்தில் வேலை கேட்டேன். சங்கிலி மாட்டுகிற கூட்டத்தில் சேர்த்தார்கள். படிப்படியாக 2009-இல் சீட்டே கிடைத்தது. பெரிய கிரேன் இல்லை, டெக்கில் நிற்கிற சின்னது. ஆனாலும் கிரேன்தானே? அத்தாவுக்குத்தான் முதல் போன் போட்டேன். "சரிப்பா, பாத்து இரு" என்று வைத்துவிட்டார்.

அடுத்த லீவில் இருவரும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். புதுசாகக் குடிவந்த ஒருவர், மகன் என்ன செய்கிறார் என்று விசாரித்தார். நான் அத்தாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கப்பல்ல ஏதோ வேலைங்கிறான்" என்றார். டீயை ஆற்றினார்.

இப்போது என் போன் நிறைய வீடியோ. கடல், கொக்கி, தொங்குகிற இரும்பு... காட்டினால் ஊரே நம்பும். அத்தாவும் வாங்கிப் பார்ப்பார், தலையாட்டுவார், திருப்பிக் கொடுப்பார். வெளியே போய் ஒருத்தரிடமும் சொல்ல மாட்டார்.

அவர் பீற்றிக்கொள்வதை ஒரே ஒரு தடவை மறுபடி கேட்க வேண்டும் போலிருக்கிறது. இந்தத் தடவை சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுவேன்.