ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில்

கேளம்பாக்கத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து ஒரு பெண்ணை சேர்ந்த ஆறாவது மாதம் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பியது கம்பெனிதான். ஆனால் அதற்கு வேண்டிய வேலையைச் செய்து கொடுத்தவன் நான். இத்தனை வருடத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

இரண்டாயிரத்துக்களின் நடுப்பகுதி அது. பழைய மகாபலிபுரம் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். எந்த பஸ்ஸில் வந்தாலும் ஆபீசுக்குள் நுழையும்போது தலைமுடியில் செம்மண் இருக்கும். ஒரு வெளிநாட்டு மருத்துவமனைக்காக நாங்கள் ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருந்தோம். எந்தப் படுக்கையில் எந்த நோயாளி, யாருக்கு எப்போது மருந்து என்று பிரவுசரில் காட்டும் பக்கம். அதை எழுதியவன் நான்.

நான் அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் வளர்ந்தவன். அப்பாவுக்கு அங்கே ஷிப்ட் வேலை. மணிக்கு ஒருமுறை மீட்டர்களைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. மொட்டைமாடித் தொட்டியில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்பதைக்கூட காலண்டர் ஓரத்தில் எழுதி வைப்பார். அம்மாவும் நானும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். எனக்கு இங்கிலீஷ் நன்றாக வந்தது, இரண்டே வருடத்தில் சீனியர் ஆக்கினார்கள், தலையில் கொஞ்சம் கனம் ஏறியிருந்தது. கொஞ்சம் என்று சொல்வது பொய்.

அந்தப் பெண்ணுக்கு மதுராந்தகத்துக்கு உள்ளே ஒரு ஊர். அப்பாவும் அண்ணனும் நெல் போடுகிறவர்கள். ரயிலில் செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து திருப்போரூர் வழியாக பஸ் பிடித்து, ஒன்பது மணிக்கெல்லாம் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பாள். டெஸ்டிங்கில் சேர்ந்திருந்தாள். நாங்கள் எழுதுவதில் தப்புக் கண்டுபிடித்துச் சொல்வது அவள் வேலை. என் பக்கத்துக்கு அவள்தான் டெஸ்டர்.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஆறு மாதம் தகுதிகாண் காலம் உண்டு. டெஸ்டர் சொல்கிற தப்பை டெவலப்பர் 'அப்படி ஒன்றும் இல்லை' என்று மூடிவிட்டால், அது டெஸ்டர் பேரில் ஒரு கரும்புள்ளி. நாலைந்து புள்ளி விழுந்தால் நிரந்தரம் ஆவது சந்தேகம்தான். அவள் ஒருநாள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் தானாகவே என்னிடம் சொன்னாள்: "ஆறு மாசம் பாப்பாங்களாம் சார். பர்மனென்ட் ஆவலன்னா வூட்டோட கெடன்னு அண்ணன் சொல்லிட்டுது." நான் கேட்காமலே சொன்னாள். என்னை நல்லவன் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

அவள் கண்டுபிடித்த தப்பு இதுதான். என் பக்கத்தைத் திறந்தவுடன் எல்லாம் அழகாக ஓடும். நாலு மணி நேரத்தில் லேசாக மந்தமாகும். நாள் முழுக்க மூடாமல் வைத்திருந்தால், சாயங்காலம் ஒரு பட்டனை அமுக்கிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், அப்போதும் அசைந்திருக்காது. பிரவுசர் கம்ப்யூட்டரின் மெமரியை எடுத்துக்கொண்டே போகிறது, திருப்பித் தருவதே இல்லை என்று எழுதியிருந்தாள்.

நாங்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. பார்க்க வழியும் இல்லை. எங்கள் ஆபீசில் ஒரு பக்கத்தைத் திறப்போம், ஐந்து நிமிடம் தட்டிப் பார்ப்போம், மூடுவோம். எது மக்கர் பண்ணினாலும் ரீஸ்டார்ட். சாப்பிடப் போகும் முன் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போவது கைப்பழக்கம். அவள் மட்டும் மூடமாட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, மருத்துவமனைக்காரர்கள் அனுப்பிய நீளமான குறிப்பில், நர்சுகள் காலையில் திறந்தால் டியூட்டி முடியும் வரை அந்தப் பக்கத்தை மூடமாட்டார்கள் என்று போட்டிருக்கிறதே சார் என்றாள். அந்தக் குறிப்பை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவள்தான். பக்கத்தை எழுதிய நான் படிக்கவில்லை.

முதல் தடவை எழுதினாள். 'என் மெஷினில் வரவில்லை' என்று மூடினேன். அப்போது நிஜமாகவே எனக்குத் தெரியாது. இரண்டாவது தடவை எழுதியபோது ஒரு கோபத்தில் நானே திறந்து வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது அத்தனையும் சரி. பத்து வினாடிக்கு ஒருமுறை படுக்கைப் பட்டியல் புதிதாக வரும். பழைய பட்டியல் திரையிலிருந்து போய்விடும், ஆனால் மெமரியிலிருந்து போகாது. நான் எழுதியிருந்த விதத்தில், பழைய பட்டியல் ஒரு கட்டளையைப் பிடித்துக்கொண்டிருந்தது, அந்தக் கட்டளை பட்டியலைப் பிடித்துக்கொண்டிருந்தது. சண்டையில் ஒருத்தன் சட்டையை ஒருத்தன் பிடித்துக்கொண்டு 'நீ விடு, நான் விடறேன்' என்று நிற்பார்களே, அந்த மாதிரி. அந்தக் காலத்து பிரவுசருக்கு இவர்களை விலக்கிவிடத் தெரியாது. பத்து வினாடிக்கு ஒரு ஜோடி சேர்ந்துகொண்டே போகும்.

தெரிந்த பிறகும் 'என் மெஷினில் வரவில்லை' என்றே மூடினேன். திங்கட்கிழமை பக்கத்தை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். சனிக்கிழமை டீமோடு மாமல்லபுரம் போகிற திட்டம். கடலோரத்தில் ஒரு விடுதி, வறுத்த மீன், கிரிக்கெட். தப்பு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் சனிக்கிழமை நான் ஆபீசில் உட்கார்ந்து திருத்த வேண்டும். எல்லாரும் போவார்கள், நான் போக முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

மூன்றாவது தடவையும் எழுதினாள். மூன்றாவது தடவையும் மூடினேன். இதற்குள் அவளை ஆபீஸ் முழுக்கக் கேலி பண்ண ஆரம்பித்திருந்தார்கள். பதற்றமானால் அவள் இங்கிலீஷ் காணாமல் போய் ஊர்ப்பேச்சு வந்துவிடும். ஒரு மீட்டிங்கில் "ஏறிக்கினே கீது சார்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து லிப்ட் மேலே போனால், "மச்சான், ஏறிக்கினே கீதுடா." ஓவனில் குழம்பு சூடானால், "ஏறிக்கினே கீது." முதலில் ஆரம்பித்தது யார் என்று கேட்டால், நான்தான்.

அவள் நேராக மேனேஜரிடம் போனாள். அது நான் எதிர்பார்க்காதது. மேனேஜர் நல்ல மனுஷன்தான், ஆனால் எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். "சரிம்மா, நாளைக்குக் காலையில ஒன் மெஷின்ல தொறந்து வை. நாலு மணிக்கு நானே வந்து பாக்கறேன். நீ சொன்ன மாதிரி நின்னுச்சுன்னா ரிலீசத் தள்ளி வைப்போம். நிக்கலன்னா இதோட விட்டுடணும், சரியா?" என்றார். நாளை என்பது வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குத் திறந்தாள். மானிட்டர் மேல் ஒரு தாளை ஒட்டி, தயவுசெய்து மூடாதீர்கள் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தாள். அரை மணிக்கு ஒருமுறை பிரவுசர் எவ்வளவு மெமரி எடுத்திருக்கிறது என்று பார்த்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினாள். ஒன்பதரைக்கு நாற்பது எம்.பி. பதினோரு மணிக்கு நூற்றுப் பத்து. ஒரு மணிக்கு இருநூற்று நான்கு. கோடு போட்டு, நேரம் ஒரு பக்கம், எண் ஒரு பக்கம். எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. வந்து என்ன பிரயோஜனம்.

இப்படியே போனால் நாலு மணிக்கு மெஷின் கட்டாயம் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு மணி தாண்டியும் அவள் சாப்பிடப் போகவில்லை. சீட்டில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய், "சாப்பிட்டுட்டு வாம்மா. நான் இங்கதான் இருக்கேன், பாத்துக்கறேன்" என்றேன்.

"யாரும் மூடாம பாத்துக்கறீங்களா சார்?"

"நான் இருக்கேன்ல. போ."

"தேங்க்ஸ் சார்" என்று எழுந்து போனாள். காலையில் ஐந்து மணிக்குச் சாப்பிட்டவள். நடையிலேயே பசி தெரிந்தது.

அவள் போனதும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து பிரவுசரை மூடினேன். உடனே மூடவில்லை. இத்தனை நேரம் சேர்த்துவைத்ததை எல்லாம் விட்டுக் கழிய அதற்குக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் பிடித்தது. அந்த ஒரு நிமிடமும் வெள்ளை ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனசு ஒன்றும் உறுத்தவில்லை, யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயம் மட்டும்தான். பிறகு மறுபடி திறந்தேன். நாற்பது காட்டியது. ஒட்டியிருந்த தாள் லேசாகக் கழன்றிருந்தது. அதை நன்றாக அழுத்தி ஒட்டிவிட்டு என் சீட்டுக்குப் போனேன்.

இரண்டு மணிக்கு அவள் எண்ணைப் பார்த்தாள். எழுபத்தொன்று.

"சார், மூடினீங்களா?"

"நான் எதுக்கு மூடப் போறேன்?"

"வேற யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரலியே."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். நானும் பார்த்தேன், அதில் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது. பிறகு குனிந்து நோட்டில், இரண்டு மணி, எழுபத்தொன்று என்று எழுதினாள். எழுதாமல் விட்டிருக்கலாம். நூற்றைம்பது, இருநூற்றைம்பது என்று எதையாவது போட்டிருக்கலாம். நானாக இருந்தால் போட்டிருப்பேன்.

நாலு மணிக்கு மேனேஜர் வந்தார். எண் நூற்று அறுபத்தைந்தில் இருந்தது. பட்டனை அமுக்கினார், உடனே வேலை செய்தது. இன்னும் நாலைந்து தடவை அமுக்கினார். நோட்டை வாங்கி விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே வந்தார். எழுபத்தொன்றில் விரல் நின்றது.

"இன்னாம்மா, எறங்கிடுச்சே. தன்னாலயே எறங்கியிருக்கு, நீயே எழுதியிருக்கியே!"

"அது எப்டின்னு தெரியல சார். எறங்காது சார் அது."

நான் பின்னாலிருந்து, "பிரவுசரே ஒரு அளவுக்கு மேல போனா கிளீன் பண்ணிக்கும் சார். இதத்தான் நான் மூணு வாட்டியா சொல்றேன்" என்றேன். அந்த பிரவுசர் அப்படிச் செய்யாது என்பதுதான் என் பக்கத்தின் முழுப் பிரச்சினையும். மேனேஜர் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவர் நோட்டைத் திருப்பிக் கொடுத்து, "போதும்மா, விட்டுடு" என்றார். அவள் உண்மையாக எழுதிய ஒரு வரியை வைத்தே அவளைப் பொய்யாக்கிவிட்டேன். அன்றைக்கு அதை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை மாமல்லபுரம் போனோம். அவளும் வந்தாள், பட்டியலில் பெயர் இருந்ததால் வந்தாள் என்று நினைக்கிறேன். எல்லாரும் தண்ணீரில் இறங்கினோம். அவள் எங்கள் செல்போன், வாட்ச் எல்லாவற்றையும் ஒரு பையில் வாங்கிக்கொண்டு செருப்புகளுக்குக் காவலாக மணலில் உட்கார்ந்தாள். பெரிய அலை ஒன்று வந்தபோது எவனோ, "பாத்து, தண்ணி ஏறிக்கினே கீது!" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். அவள் எழுந்து பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். கரையேறியபோது என் போனை எடுத்துக் கொடுத்து, "உங்க வூட்லேந்து ரெண்டு தபா கூப்ட்டாங்க சார்" என்றாள்.

மறுவாரம் அவளுக்குக் கடிதம் கொடுத்தார்கள். நிரந்தரம் இல்லை. என் மூன்று புள்ளிகளோடு, மேனேஜர் முன்னால் நிரூபிக்க முடியாமல் போனதும் சேர்ந்து நான்கு. அடையாள அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் சீட்டுக்கு வந்து, "வரேன் சார்" என்றாள். ஸ்கிரீனிலிருந்து திரும்பாமல், "ஆல் தி பெஸ்ட்" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து மருத்துவமனையிலிருந்து கடுமையான புகார் வந்தது. மதியத்துக்கு மேல் பக்கம் நின்றுவிடுகிறது, வீட்டுக்குப் போன நோயாளி இன்னும் படுக்கையில் இருப்பதாகக் காட்டுகிறது, நர்சுகள் காகிதத்துக்கே திரும்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்தார்கள். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் ஒரே மத்தியானத்தில் திருத்தினேன். பத்துப் பன்னிரண்டு வரிதான். எங்கே கை வைக்க வேண்டும் என்பது எனக்கு இரண்டாவது தடவையே தெரியுமே. தப்பை இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்ததற்காக எல்லார் முன்னாலும் எனக்குக் கைதட்டினார்கள். கூடவே ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

விளக்க அறிக்கையில், மணிக்கு எவ்வளவு மெமரி ஏறியது என்று மருத்துவமனைக்குக் காட்ட வேண்டியிருந்தது. "அந்தப் பொண்ணு ஏதோ நோட்டுல எழுதிச்சேப்பா, அது கெடக்குதா பாரு" என்றார் மேனேஜர். அவள் சீட்டில் இப்போது வேறொருவர். இழுப்பறையைத் திறந்தால், உடைந்த ஸ்டேப்ளருக்கு அடியில் அந்த நோட்டு கிடந்தது. ஒன்பதரையிலிருந்து ஒரு மணி வரைக்கும் உள்ள எண்களை அப்படியே பார்த்து என் அறிக்கையில் எழுதிக்கொண்டேன். இரண்டு மணிக்குப் பிறகு உள்ளதை எடுக்கவில்லை.

நோட்டை மூடப் போகும்போதுதான் பார்த்தேன். ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் இருந்த கோட்டின் மேல், மேனேஜர் பார்த்துவிட்டுப் போனபிறகு எழுதியிருக்க வேண்டும், பென்சிலில் சின்ன எழுத்தாக இருந்தது:

'சார் மூடிட்டாரு. கேட்டேன், இல்லன்னாரு. அவருக்கு இன்னா கஷ்டமோ.'

எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மீன் சாப்பிடப் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.